அறுபது மகளிர் தேவை

மகளிர் தினக் கமிட்டியில் மகளிர் என்று ஒருவர்கூட இல்லை என்பது, முதல் கூட்டம் முடிந்து மீ கோரெங் நூடுல்ஸ் தட்டுகள் காலியான பிறகுதான் தெரியவந்தது. அதையும் கமிட்டி கண்டுபிடிக்கவில்லை. சிரம்பான் தலைமை அலுவலகத்தில் இருந்த மகளிர் நலத் துறை இயக்குநர் புவான் ரஜியா கண்டுபிடித்தார். கிளை அலுவலர் ஹேமநாதன் பெருமையாக அனுப்பி வைத்த புகைப்படத்தைப் பார்த்த கையோடு அவனுக்குப் போன் அடித்தார்.

"ஹேமநாதன், இது என்னா படம்?"

"மகளிர் தினக் கமிட்டி புவான். சுங்கை கெலாடித் தோட்டம்."

"பதினோரு பேர் நிக்கிறாங்க. பதினோரு பேருக்கும் மீசை. நான் மகளிர் தினம் நடத்தச் சொன்னேனா, பந்து விளையாட டீம் சேக்கச் சொன்னேனா?"

போனில் அவருக்குப் பின்னால் குக்கர் விசிலடித்தது. புவான் ரஜியா சாயங்காலத்தில் திட்டும்போதெல்லாம் குக்கர் விசிலடிக்கும். நடுநடுவே, "இர்ஃபான், ஹோம்வொர்க்க முடிச்சியா இல்லியா?" என்று ஓர் அதட்டலும் வரும். அது மகனுக்கா தனக்கா என்று ஹேமநாதன் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தடுமாறுவான்.

"நாளைக்கே ஒரு அம்மாவச் சேத்துடறேன் புவான்."

"சேருங்க. அறுபது பொம்பளைங்க மண்டபத்துல வந்து உக்காரணும். ஒய்.பி. வர்றாரு. அவருக்கு காலி நாற்காலியக் காட்டி என் மானத்த வாங்கிடாதீங்க. அப்புறம் சிரம்பான நீங்க மறந்துட வேண்டியதுதான்."

புவான் என்றால் மேடம். ஒய்.பி. என்றால் சட்டமன்ற உறுப்பினர். சிரம்பான் என்றால் ஹேமநாதனின் உயிர்.

அவன் வீடு சிரம்பானை ஒட்டிய ராசாவில் இருந்தது. வேலையோ கெமாஸ் கிளையில். வாரம் முழுக்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் மெகி மீயைக் கிண்டித் தின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி வீட்டுக்குப் போவான். போன வெள்ளிக்கிழமை அவன் கதவைத் திறந்ததும், இரண்டு வயது மகள் மாதவி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அங்கிள் வந்துட்டாரு" என்றாள். அவன் மனைவி ரதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சிரம்பான் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகிறது. இந்த மகளிர் தினத்தை ஒழுங்காக நடத்திக் காட்டினால் அந்த இடம் அவனுக்குத்தான் என்று புவான் ரஜியா வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வருஷம் பெண்களின் உரிமைக்காக அந்த மாநிலத்தில் ஹேமநாதனைப்போல் ஓடியாடி உழைத்தவன் வேறு எவனும் இல்லை.

கமிட்டித் தலைவர் வீரமுத்து. தோட்டத்து முருகன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எதற்கெல்லாம் தலைவர் வேண்டுமோ அதற்கெல்லாம் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போயிற்று.

"பொம்பளைங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? அவங்க தினத்துல அவங்களுக்கே வேலை குடுக்குறதா? அதான் ஆம்பளைங்க நாங்க இருக்கோம்லா."

மனதாரத்தான் சொன்னார்.

"ஒருத்தராச்சும் வேணும்ணே. மேலிடத்து உத்தரவு."

"அப்ப எங்க வீட்டுக்காரியப் போட்டுக்குங்க. உரம் போடுற பொம்பளைங்கள மேல்பார்வை பாக்குற மண்டோர் அவதான். அவ ஒரு வார்த்த சொன்னா அத்தன பேரும் கேப்பாங்க. நான் சொன்னா எங்க வீட்டு நாய்கூட திரும்பிப் பாக்காது."

அடுத்த கூட்டத்துக்கு மாரியம்மா செம்பனைக் காட்டிலிருந்து நேராக வந்தார். காலில் பூட்ஸ், தலையில் கட்டிய துண்டு, சட்டையில் உர வாசனை. ஐம்பதை ஒட்டிய வயது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வீரமுத்து வரவேற்புரையைத் தொடங்கியதுமே மாரியம்மாவுக்குக் கண் சொக்கிவிட்டது. ஹேமநாதன் தொண்டையைச் செருமினான்.

"சொல்லுங்க தம்பி. முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வச்சிருக்கோம்க்கா. நீங்க பொம்பளைங்க அறுபது பேரக் கூட்டிட்டு வரணும்."

"காலையிலயா?" மாரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு நாளும் வேலைக்காடு தம்பி. மிச்சப் பேரு சிகாமட்டுக்கு ஃபேக்டரி பஸ் ஏறிடுவாங்க. ஞாயித்துக்கிழமை காலையிலதான் துணி தொவைக்கணும், பாசாருக்குப் போவணும், வீடு கழுவணும். அத விட்டுப்புட்டு எவ வருவா?"

"அப்ப மத்தியானம் ரெண்டு மணிக்கு வச்சிடுவோம்."

"மத்தியானம்னா..." என்று மாரியம்மா இழுத்தார். அந்த 'மத்தியானம்' என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இளகியதை ஹேமநாதன் கவனித்தான். சம்மதம் என்று நினைத்துக்கொண்டான். "மத்தியானம் நல்ல நேரம்தான். ஆனா புள்ளைங்க இருக்கே. அதுங்கள எங்க விடுறது?"

"மண்டபத்துக்கே கொண்டாங்கக்கா. வர்ணம் தீட்டுற போட்டி வச்சிடுறேன்."

"பெத்தவ பக்கத்துல இருந்தா புள்ள மடியிலதான் ஏறும்."

"பந்து கிளப் பையன்கள விட்டுப் பாத்துக்கச் சொல்றேன். ஒரு புள்ளகூட உங்ககிட்ட வராது. போதுமா?"

"பார்க்கலாம் தம்பி" என்றார் மாரியம்மா.

ஹேமநாதன் இதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே புவான் ரஜியாவுக்குப் பெண்கள் வருகிறார்கள் என்று தகவல் அனுப்பிவிட்டான். அரசாங்க வேலையில் இப்படித்தான் பல காரியங்கள் நடந்து முடிகின்றன.

அடுத்த வாரம் மாரியம்மா சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பிரியாணி வருதுக்கா. அப்துல் ஜலீல் பாய் கடையிலேர்ந்து."

"எங்களுக்குச் சரி. வீட்டுல குந்திக்கிட்டு இருக்கிற ஆம்பளைங்களுக்கு? நாங்க இங்க பிரியாணி தின்னுட்டு, வீட்டுக்குப் போயி அடுப்ப மூட்டி அவங்களுக்கு ஆக்கிப் போடணுமா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆண்களையும் சாப்பாட்டுக்கு அழைப்பது என்று கமிட்டி ஒருமனதாக முடிவு செய்தது. கமிட்டியில் ஆண்கள்தானே அதிகம். ஒருமனதாவதற்கு நேரம் பிடிக்கவில்லை. ஆனால் கெமாஸ் பாசாரில் கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீல் பாய், இரண்டு மடங்கு சாப்பாடு என்றதும் கையை விரித்துவிட்டார்.

"என் கடையில வெங்காயம் உரிக்கிறது, தேங்கா திருவுறது, தேக்சா கழுவுறது பூரா உங்க தோட்டத்து பொம்பளைங்க தம்பி. அவங்கள நீங்க கூட்டத்துல உக்கார வச்சுட்டா நான் யார வச்சு ஆக்குறது? உம்மா மேல சத்தியமா சொல்றேன், என்னால ஆவாது."

"அப்ப அறுபது பேருக்காச்சும்..."

"ஆறு பேருக்குக்கூட ஆவாது. அன்னிக்குக் கடைய சாத்திப்புட்டு நானும் மகளிர் தினம் கொண்டாடப் போறேன்."

பிரியாணி போயிற்று. அப்போது வீரமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் ஆக்குறது யாரு சார்? நாங்க ஆம்பளைங்கதானே! பொம்பளைங்கள அடுப்புக்கிட்ட விட்டதே கிடையாது. மகளிர் தினத்துக்கும் நாங்களே ஆக்கிடுறோம். சோறு, சாம்பார், ரெண்டு காய், பாயசம். விசில் அடிக்கிற நேரத்துல முடிச்சிடலாம்."

அது உண்மைதான். ஒவ்வொரு திருவிழாவிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் பெரிய கெண்டாவைக் கிண்டுவது ஆண்கள்தான். புகைப்படங்கள்கூட இருக்கின்றன. மகளிர் தினத்தில் ஆண்கள் சமைக்கிறார்கள் என்ற செய்தியைக் கேட்டு ஹேமநாதனுக்கே மெய்சிலிர்த்தது. மாரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிறிது நேரம் வேறு பக்கம் பார்த்தார்.

"நல்லா ஆக்கட்டும் தம்பி. நாங்க யாரும் கிட்ட வந்து தொந்தரவு குடுக்க மாட்டோம்."

"அப்ப வந்துடுவீங்கல்ல?"

"வழி பொறந்துக்கிட்டுத்தான் இருக்கு. இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கு, அதையும் பாத்துருங்க."

அந்த ஒன்று இரண்டு, நாளுக்கு நாள் வளர்ந்தது. ஆண்களில் பாதிப் பேர் டி.வி.யில் பந்து பார்ப்பதாக வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தேத்தண்ணி கேட்பார்கள் என்றார் மாரியம்மா. அவர்களை மண்டபத்துக்கு இழுக்க ஹேமநாதன் அதிர்ஷ்டக் குலுக்கல் ஒன்று ஏற்பாடு செய்தான். முதல் பரிசாக வைத்த ரைஸ் குக்கரைப் பார்த்துவிட்டு ஒருவரும் அசையவில்லை. பரிசை மீன்பிடிக்கும் தூண்டிலாக மாற்றினான். தோட்டமே பெயர் கொடுத்துவிட்டது. பிறகு மாமனார்மார்கள். வயதானவர்களை வீட்டில் தனியே விட முடியாது, மாத்திரை கொடுக்கவேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓடவேண்டும் என்றார். மண்டபத்தில் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை வைத்து, அவர்களை ஏற்றிவர வேனும் பிடித்தான். மாமியார்கள்? "அவங்களும் பொம்பளைங்கதானே தம்பி, அவங்க எங்களோட இருக்கட்டும்" என்று மாரியம்மா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

புவான் ரஜியா போனில் நிகழ்ச்சி நிரலைக் கேட்டார். ஹேமநாதன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

"இருங்க, இருங்க. ஆம்பளைங்களுக்குத் தூண்டில். மாமனாருங்களுக்கு பிரஷர் பாக்குறது. புள்ளைங்களுக்கு வர்ணம். பொம்பளைங்களுக்கு என்னா இருக்கு?"

"பேச்சு இருக்கு புவான். ஒய்.பி. ஒரு மணி நேரம் பேசுறாரு."

போனில் நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது.

"இந்த மாசம் எனக்கு இது ஆறாவது மகளிர் தினம், ஹேமநாதன். ஒரு லீவு நாளுகூட வீட்டுல காலை நீட்டல. நோன்பு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சாவணுமாம். ஒரு மேடைக்குப் போனா, அடுத்த மேடைக்குச் சேலை மாத்துறேன். இடையில வீட்டுக்கு வந்து கோழி கழுவுறேன்." குக்கர் மறுபடி விசிலடித்தது. "அறுபது பேரு. மறந்துடாதீங்க."

கடைசி வாரம் மாரியம்மாவே அவனைத் தேடி வந்தார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி. ஆயாக்கொட்டாய் இருக்குல்ல?"

வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பழைய கட்டடம் அது. நல்ல சிமெண்டுத் தரை, சுற்றிலும் மரங்கள், தோட்டத்திலேயே குளிர்ச்சியான இடம்.

"அங்க மூணு ஃபேன் ஓடல. அதச் சரி பண்ணிக் குடுங்க. அப்புறம் கோயில் சாமான் அறையில பாய் கட்டு கட்டாக் கெடக்கு. அதையும் கொண்டாந்து போடச் சொல்லுங்க. புள்ளைங்கதான் மண்டபத்துக்கு வந்துடுதே, கொட்டாய் அன்னிக்குச் சும்மாத்தானே கெடக்கும்."

"எதுக்குக்கா?"

"பொம்பளைங்க எல்லாம் சேந்து ஒண்ணு பண்ணலாம்னு இருக்கோம்."

ஹேமநாதனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "கும்மியா? கோலாட்டமா?"

"அத இப்ப சொல்லக்கூடாது. பழக்கம் விட்டுப்போயி ரொம்ப வருஷமாச்சு. வருமோ வராதோன்னு எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கு."

"வரும்க்கா, கண்டிப்பா வரும்!" என்று அவன் உற்சாகப்படுத்தினான். அன்றைக்கே மின்சார ஆளைப் பிடித்து மூன்று ஃபேனையும் ஓடவைத்தான். பாய்களைத் தானே தலையில் தூக்கி வந்து போட்டான். நிகழ்ச்சி நிரலின் கடைசியில், 'தோட்ட மகளிர் வழங்கும் சிறப்பு நிகழ்ச்சி' என்று சேர்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஒரு மணிக்கே வேன் கிழவர்களைக் கொண்டுவந்து இறக்கியது. தூண்டில் ஆசையில் ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள், வர்ணக் குச்சியைக் கையில் வாங்கியதும் தாளை விட்டுவிட்டுச் சுவரில் ஆரம்பித்தார்கள். பந்து கிளப் பையன்கள் ஆளுக்கொரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இது ஏன் அழுகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. ஒவ்வொரு நாற்காலியிலும் மடித்து வைத்த ரோஸ் நிற டி-சட்டை.

பின்கட்டில் வீரமுத்து கெண்டாவின் முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். கெண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வேறு ஒன்றும் இல்லை.

"என்னண்ணே, இன்னும் சாம்பார் போடலியா?"

"காய் வரட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"காய் அந்த மூட்டையிலதானே இருக்கு?"

"அது முழுசால்ல இருக்கு! வெட்டுன காய் வரணும் சார். திருவிழாவுக்கு எப்பவும் வெட்டியேதான் இருக்கும். பருப்பு ஊறி இருக்கும். தேங்கா திருவி இருக்கும். புளி கரைச்சி இருக்கும். நாங்க வந்து கிண்டுவோம்." வீரமுத்துவின் குரலில் முதல் முறையாக ஒரு சந்தேகம் தட்டியது. "அதையெல்லாம் யாரு பண்றாங்கன்னு இத்தன வருஷமா நாங்க விசாரிக்கலியே."

பதினொரு கமிட்டி உறுப்பினர்களும் வெங்காயத்தின் முன்னால் உட்கார வைக்கப்பட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சாவு வீட்டுக்கு உண்டான அழுகை அங்கே நடந்தது. உப்பு எங்கே என்று கேட்க ஒருவர், மஞ்சள் எவ்வளவு என்று கேட்க ஒருவர் என்று ஆள் ஆளாக வீட்டுக்குப் போன் அடித்தார்கள்.

அப்போதுதான் அந்த வினோதம் தெரிந்தது. வீட்டுக்கு அடித்த போன்கள் எல்லாம் மண்டபத்துக்குள்ளேயே மணியடித்தன. பிள்ளைகள் அழாமல் இருக்கட்டும் என்று தாய்மார்கள் தங்கள் போன்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஹேமநாதன் மாரியம்மாவின் எண்ணுக்கு அடித்தான். அது வீரமுத்துவின் சட்டைப் பையில் ஒலித்தது.

"தொலைஞ்சிடும், வச்சுக்கங்கன்னு காலையில குடுத்தா" என்றார் வீரமுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அக்கா எங்க?"

"அவ அப்பவே கெளம்பிட்டாளே சார். எல்லாப் பொம்பளைங்களும் சேந்துதான் போனாங்க. இங்க வரல?"

இரண்டரை மணி. மண்டபத்தில் ஒரு பெண்கூட இல்லை. ஹேமநாதன் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தான். சிறப்பு நிகழ்ச்சிக்கு அலங்காரம் செய்துகொண்டு ஒன்றாக ஊர்வலமாய் வருவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் ஒய்.பி.யின் கார் தோட்டத்து வாசலுக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்ததும் தேற்றல் எல்லாம் காற்றில் போயிற்று.

"அண்ணே! எல்லாரும் ஆளுக்கொரு ரோஸ் சட்டையப் போட்டுக்கிட்டு முன்னால உக்காருங்க! சீக்கிரம்!"

"பொம்பளை சட்டையா? நானா?"

"தூண்டில் வேணுமா வேணாமா?"

ஒய்.பி. உள்ளே நுழைந்தபோது, மாரையும் தொந்தியையும் பிதுக்கிக்கொண்டு, அறுபது ரோஸ் சட்டைகள் எழுந்து நின்று கைதட்டின. ஒய்.பி. அன்றைக்கு மூன்றாவது கூட்டத்துக்கு வந்திருந்தார். மேடைக்குப் போனவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுதிக் கொடுத்ததைப் பிரித்து, "என் பாசத்துக்குரிய தாய்மார்களே, சகோதரிகளே" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த வீரமுத்து அடக்கத்தோடு தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

ஒய்.பி.க்குப் பின்னால் வந்த புவான் ரஜியா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று மண்டபத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். முகத்தில் ஒரு சொட்டுச் சிரிப்பு இல்லை.

"ஹேமநாதன். மகளிர் எங்க?"

"வந்துக்கிட்டே இருக்காங்க புவான். சிறப்பு நிகழ்ச்சிக்கு ஒத்திகை. ஆயாக்கொட்டாயில."

"நானே போயி கையோட கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, குதிகால் செருப்பு டக்டக்கென்று ஒலிக்க அவர் இறங்கிப் போனார்.

ஹேமநாதனும் கூடவே ஓடியிருப்பான். ஆனால் அறிவிப்பாளனும் அவன்தான். ஒய்.பி. பெண்களின் தியாகத்தைப் பற்றிப் பேசினார். வீட்டு வேலையும் வேலைதான், அதை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். வெங்காயம் உரித்துக் கண் சிவந்திருந்த கமிட்டி அந்த இடத்தில் உண்மையாகவே கைதட்டியது. இரண்டு குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாந்தி எடுத்தன, பையன்கள் துடைத்தார்கள். பிரஷர் பார்த்த கிழவர்கள் எல்லாருக்கும் பிரஷர் ஏறியிருந்தது, சாப்பாடு வராததால். பேச்சு முடியும்வரை ஹேமநாதன் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டான். பெண்கள் வரவில்லை. போன புவானும் திரும்பி வரவில்லை.

சிறந்த தோட்டத்துப் பெண்மணி விருது மாரியம்மாவுக்கு. அவர் சார்பில் வீரமுத்து ரோஸ் சட்டையோடு மேடையேறி வாங்கிக்கொண்டார்.

ஒய்.பி. கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் கூட்டம் தெளிவாகத் தெரிந்தது போலிருக்கிறது. "ஏம்பா, அம்மாமாருங்க எல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"பின்கட்டுல சமைச்சுக்கிட்டு இருக்காங்க ஒய்.பி.!" வாயில் வந்ததை ஹேமநாதன் சொல்லிவிட்டான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

"மகளிர் தினத்துல மகளிரைச் சமைக்க விட்டீங்களா?"

ஒய்.பி. முகம் சிவக்கப் பின்கட்டுக்கு நடந்தார். அங்கே மிச்சமிருந்த ஆண்கள் ஒரு கெண்டா சாம்பாரைச் சுற்றி நின்று, இது ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒய்.பி.யின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. கரண்டியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு வாய் சாம்பாரை ருசித்தார். உடனே அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் கார் மறைந்ததும் ஹேமநாதன் ஓட்டமெடுத்தான். புவான் ரஜியாவின் கார் ரம்புத்தான் மரத்தடியில் அப்படியே நின்றது. போகும் வழியில் லயத்து வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அடுப்புப் புகை இல்லை, குழாயடியில் சத்தம் இல்லை. போன் அடித்தது. ரதி.

"என்னங்க, நல்லா நடந்துச்சா? பாப்பா பேசணுங்கிறா. பேசு மாதவி. யாரு சொல்லு?"

"அங்கிள்" என்றது போன்.

"அப்புறம் பேசுறேன் ரதி" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

ஆயாக்கொட்டாயின் கதவு சாத்தியிருந்தது. வெயில் உள்ளே விழாதபடி ஜன்னல்களில் கைலிகளைக் கட்டியிருந்தார்கள். வாசல் நெடுக சிலிப்பர்களும் பூட்ஸ்களும் கழற்றிப் போட்டுக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு ஜோடி கறுப்புக் குதிகால் செருப்பு. கும்மிச் சத்தம் இல்லை. பேச்சுச் சத்தமும் இல்லை. ஃபேன்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

ஹேமநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்கள் கூட்டத்தைப் புறக்கணித்துவிட்டார்கள். காலையை மாற்றி மத்தியானமாக வைத்ததிலிருந்து பிரியாணி போனதுவரைக்கும் அவன் செய்த குளறுபடிகளை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லியிருப்பார்கள். புவான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பேசாமல் இருந்தால் அது குக்கர் விசிலைவிட மோசம். சிரம்பான் போயிற்று. மாதவி பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயது வந்தாலும் அவன் வெள்ளிக்கிழமை அங்கிள்தான். நினைத்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

எது நடந்தாலும் நடக்கட்டும், காலில் விழுந்தாவது கேட்டுவிடுவோம் என்று கதவைத் தட்டக் கையை ஓங்கினான். "புவான்!" என்று கத்துவதற்கு வாயையும் திறந்தான்.

கதவு ஒரு சாண் திறந்தது. மாரியம்மா தலையை நீட்டினார். முடி கலைந்திருந்தது, கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"ஸ்ஸ்... மெதுவா தம்பி, அறுபது பேரும் நல்லாத் தூங்குறாங்க. உங்க புவான்கூட இப்பத்தான் கண்ணசந்தாங்க, அஞ்சு மணி வரைக்கும் எழுப்பாம இருந்தா உங்கள சிரம்பானுக்கு மாத்தி விடுறேன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாங்க."